கால் கிலோ வெட்டுத்துணியில் ஒரு போர்வை

வாசகர் கேள்வி பதில் – தையல் பகுதி

மிஷினுக்கு அடியில் சேரும் வெட்டுத்துணியை ஒட்டுப்போர்வை, சூடான பாத்திரம் பிடிக்கும் பிடிதுணி என்று தைத்துச் சிநேகிதிகளுக்குப் பரிசாகக் கொடுப்பது பற்றி இந்த முறை நிறையக் கடிதங்கள். பாதிக்கு மேல் கம்பம் பள்ளத்தாக்கிலிருந்தும், மலைக்கு அந்தப் பக்கம் இடுக்கியிலிருந்தும் வந்தவை. ஒரே கேள்வியைப் பலர் கேட்ட இடங்களில் ஒரு கடிதத்தை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறோம்.

மூணாறு எஸ்டேட்டில் இருக்கும் சிநேகிதிக்கு ஒட்டுப்போர்வை தைக்கிறேன். எங்கள் ஊரில் இலவம்பஞ்சுக்குப் பஞ்சமில்லை. உள்ளே அதையே நிரப்பலாமா? துணி எவ்வளவு தேவைப்படும்?
– வாசகி, போடிநாயக்கனூர்

நிரப்பாதீர்கள். போடிப் பஞ்சின் பெருமை தலையணையோடும் மெத்தையோடும் நிற்கட்டும். இலவம் இழை வழவழப்பானது. மேலே மெழுகுபோல ஒரு பூச்சு உண்டு, உள்ளே குழாய்போல வெற்றிடம். அதனால்தான் அது லேசாக இருக்கிறது, தண்ணீரையும் உறிஞ்சுவதில்லை. ஆனால் அதே வழவழப்பால் ஓர் இழை இன்னோர் இழையைப் பற்றிக்கொள்ளாது. நாலு நாள் போர்த்திய பிறகு பஞ்சு முழுக்க ஓரத்துக்கு நகர்ந்து கட்டியாகிவிடும், நடுவில் இரண்டு துணி மட்டும் மிஞ்சும். நெருக்கமாக நெய்த, கோடு போட்ட மெத்தைத் துணிதான் அந்தப் பஞ்சை அடக்கும். பிளவுஸ் துணியில் ஊசி குத்திய ஓட்டை வழியாகவே பொடிப்பொடியாக வெளியே வரும். எல்லாவற்றுக்கும் மேலாக, மெத்தையை வெயிலில் போட்டால் போதும், போர்வையைத் துவைத்தாக வேண்டும். இலவம்பஞ்சு அடைத்ததைத் துவைக்க முடியாது.

மூணாறு 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிற ஊர். மழை மாதங்களில் அங்கே கனமான பருத்தி காயவே காயாது. சோலாப்பூர் போர்வையை உள்ளே வைத்துத் தைத்தால் கதகதப்பாக இருக்கும், ஆனால் ஒருமுறை நனைந்தால் இரண்டு பேர் சேர்ந்துதான் பிழிய வேண்டும். பருத்திதான் உசத்தி என்ற பிடிவாதத்தை இங்கே விட்டுவிட்டு, குஷன் கடையில் கிடைக்கும் பாலியெஸ்டர் வாடிங் ஷீட்டை, அதாவது விரிப்பாக வரும் செயற்கைப் பஞ்சை, வாங்குங்கள். சதுர மீட்டருக்கு 150 கிராம் கனம் போதும். 200-க்கு மேல் போனால் வீட்டு மிஷினின் பாதத்துக்குக் கீழே நுழையாது. கையால் அமுக்கிப் பார்த்து, இழைகள் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். கையில் பிய்த்தால் கொத்தாக வருவதை வாங்காதீர்கள். ஃபோம் ஷீட் வேறு பொருள், அது வேண்டாம்.

துணிக் கணக்கு இது. 5 இஞ்ச் சதுரமாக வெட்டினால் தைத்தபின் நாலரை இஞ்ச் மிஞ்சும். அகலத்துக்கு 9, நீளத்துக்கு 11, மொத்தம் 99 சதுரங்கள். முடிந்த அளவு 41க்கு 50 இஞ்ச். உட்கார்ந்திருக்கும்போது இடுப்புக்குக் கீழே போட்டுக்கொள்ளவும், தோளில் போர்த்திக்கொள்ளவும் சரியாக இருக்கும். 99 சதுரங்களின் எடை சட்டைத்துணிக் கனத்தில் 200 கிராமைக்கூட எட்டாது. கோணல்மாணலான துண்டுகளில் கழிவு போகும் என்பதால் கால் கிலோவுக்குச் சற்று அதிகமாக எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு மூட்டை சேரட்டும் என்று காத்திருப்பவர்கள் மூன்று போர்வைக்கான துணியைப் பூச்சிக்குக் கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

அடித்துணிக்கு 45க்கு 54 இஞ்ச் வேண்டும். பழைய பருத்திச் சேலையின் அகலம் இதற்குத் தாராளமாக வரும், ஆண்டிபட்டிச் சேலை என்றால் இன்னும் நல்லது. முந்தானையையும் கொசுவத்தில் தேய்ந்த பகுதியையும் விட்டுவிட்டு, சேலையின் உடல்பகுதியிலிருந்து வெட்டுங்கள். சுற்று ஓரப்பட்டிக்கு 44 இஞ்ச் அகலத் துணியில் அரை மீட்டர். அதில் இரண்டரை இஞ்ச் அகலத்தில் 5 பட்டிகள் வெட்டி, சாய்வாக ஒட்டுப்போட்டால் 210 இஞ்ச் கிடைக்கும், தேவை 192. இந்தப் பட்டியை மட்டும் புதுத்துணியில் போடுங்கள். போர்வையில் முதலில் நைந்துபோவது ஓரம்தான்.

99 சதுரங்களையும் அடித்துணியோடு சேர்த்து மிஷினில் தைக்க மலைப்பாக இருந்தால், மெத்தைக்கு முடிச்சுப் போடுவதைப்போலக் கட்டலாம். நான்கு சதுரங்கள் சந்திக்கும் ஒவ்வொரு புள்ளியிலும் எம்பிராய்டரி நூலைக் குத்தி எடுத்து, இரட்டை முடிச்சுப் போட்டு அரை இஞ்ச் விட்டு வெட்டுங்கள். மொத்தம் 80 முடிச்சு, இரண்டு மாலைப்பொழுது வேலை.

தையல் கடையில் கிலோக் கணக்கில் வெட்டுத்துணி கிடைக்கிறது. எது ஆகும், எது ஆகாது?
– வாசகி, கம்பம்

கடை மூட்டையில் பாதி ஆகாது என்று நினைத்துக்கொண்டே பிரியுங்கள்.

பருத்தி, பருத்தியோடு கொஞ்சம் பாலியெஸ்டர் கலந்த சட்டைத்துணி, பாப்ளின், லைனிங் காட்டன் எல்லாம் முதல் தரம். ஜார்ஜெட், ஷிஃபான், சாட்டின் நழுவும், இஸ்திரி சூட்டில் சுருளும். அவற்றைத் தனியே ஒதுக்குங்கள். திருப்பூர் பனியன் துண்டுகள் இழுத்தால் நீளும், வெட்டின ஓரம் சுருண்டுகொள்ளும். தைத்த போர்வையில் அந்தச் சதுரம் மட்டும் பூரிபோல உப்பி நிற்கும்.

தொட்டுப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாததை ஒரு நூல் எரித்துப் பாருங்கள். இடுக்கியால் நூலைப் பிடித்து, கீழே ஒரு கிண்ணத்தில் தண்ணீர் வைத்துக்கொண்டு செய்ய வேண்டிய வேலை இது. பருத்தி காகிதம் எரிகிற வாடையோடு எரிந்து மிருதுவான சாம்பலாகும். பாலியெஸ்டர் உருகிக் கெட்டியான மணியாகும், புகை கறுப்பாக வரும். பட்டில் முடி கருகும் வாடை வரும், மிஞ்சும் மணி விரலில் நசுங்கிப் பொடியாகும்.

பட்டு பிளவுஸ் துண்டுகளைப் பருத்தியோடு சேர்க்கவே கூடாது. பருத்தியைத் துவைக்கிற துவைப்பைப் பட்டு தாங்காது, ஜரிகை ஓரம் பிரிந்துகொண்டே இருக்கும். பின்பக்கம் ஃபியூசிங் (இஸ்திரி சூட்டில் ஒட்டும் துணி) ஒட்டி, நகைப்பையாகவோ மூக்குக்கண்ணாடி உறையாகவோ தைத்தால் அழகாக இருக்கும்.

அளவில், இரண்டு இஞ்ச் அகலத்துக்குக் குறைந்த துண்டை வைத்துக்கொள்ளாதீர்கள். இருபுறமும் தையலுக்குப் போனபின் ஒன்றரை இஞ்ச்தான் கண்ணுக்குத் தெரியும். கைக்குழி, கழுத்து வெட்டிய துண்டுகள் வளைவாக இருக்கும். அவற்றில் இழை சாய்வாக ஓடுவதால் இஸ்திரிப் பெட்டி பட்டதும் நீளும். கஞ்சி போட்டு, காய்ந்து விறைத்தபின் வெட்டுங்கள். போர்வை முடிந்ததும் கட்டாயம் அலசிக் கஞ்சியைப் போக்கிவிட வேண்டும். இராமபாணப் பூச்சிக்குக் கஞ்சி என்றால் விருந்து.

ஒழுங்கில்லாத நீளத் துண்டுகளுக்கு ஒரு வழி இருக்கிறது. பழைய வேட்டியில் 9 இஞ்ச் சதுரம் வெட்டுங்கள். மூலைக்கு மூலை நடுவில் ஒரு பட்டியை நல்ல பக்கம் மேலே தெரிய வையுங்கள். அதன்மேல் இன்னொரு பட்டியை நல்ல பக்கம் கீழே இருக்கும்படி, ஓரத்தோடு ஓரம் சேர்த்து வைத்துக் கால் இஞ்சில் தையுங்கள். புரட்டி, இஸ்திரியால் அமுக்குங்கள். இப்படியே இரண்டு மூலைகள் வரை போய், கடைசியில் திருப்பிப்போட்டு எட்டரை இஞ்ச் சதுரமாக ஓரம் வெட்டிவிடுங்கள். வேட்டித்துணி பிடித்துக்கொள்வதால் மேலே எந்தப் பட்டி எப்படிச் சாய்ந்திருந்தாலும் இழுக்காது. பட்டிகளின் அகலம் மாறி மாறி இருப்பதுதான் இதன் அழகு. எல்லாவற்றையும் ஒரே அகலமாக வெட்டிவிடாதீர்கள்.

வரிசைகளைச் சேர்க்கும்போது சதுரங்களின் முனைகள் ஒன்றுக்கொன்று பொருந்தவில்லை. வெட்டியது சரியாகத்தான் இருக்கிறது.
– வாசகி, உத்தமபாளையம்

தப்பு தையலில் இருக்கிறது. கால் இஞ்சுக்குப் பதில் இஞ்சில் 16-ல் ஒரு பங்கு அதிகமாக, பழைய கணக்கில் ஒரு மாகாணி, உள்ளே தள்ளித் தைத்திருப்பீர்கள். ஒரு தையலுக்கு இரு பக்கமும் சேர்த்து அரைக்கால் இஞ்ச் போகிறது. ஒரு வரிசையில் 9 சதுரம் என்றால் 8 தையல், மொத்தம் ஒரு இஞ்ச் காணாமல் போய்விடும். அடுத்த வரிசையில் கை வேறு மாதிரி ஓடியிருந்தால் பொருந்துவது எப்படி?

மிஷின் பாதத்தின் ஓரத்தையே அளவாக நம்புவதுதான் இதற்குக் காரணம். எல்லா மிஷினிலும் ஊசிக்கும் பாத ஓரத்துக்கும் நடுவே சரியாகக் கால் இஞ்ச் இருக்காது. ஊசியை இறக்கி, அதிலிருந்து வலப்பக்கம் அளந்து, தகட்டின்மேல் மருந்துக்கடைப் பிளாஸ்டரை நாலைந்து அடுக்காக ஒட்டுங்கள். துணி அந்தச் சுவரை ஒட்டியே நகரும். இரண்டு 3 இஞ்ச் சதுரங்களைச் சேர்த்துத் தைத்து அளந்தால் ஐந்தரை வர வேண்டும். வந்தபிறகுதான் போர்வைத் துணியை எடுக்கலாம். தையல் ஓர் இஞ்சுக்கு 10 முதல் 12 வரை விழட்டும்.

அடுத்தது இஸ்திரி. முதல் வரிசையின் தையல் மடிப்புகளை வலப்புறமும், இரண்டாம் வரிசையை இடப்புறமும் சாய்த்து அமுக்குங்கள். இரண்டையும் சேர்க்கும்போது மேடும் பள்ளமும் ஒன்றுக்குள் ஒன்று உட்கார்ந்துகொள்ளும், விரலால் தடவினாலே தெரியும். பெட்டியைத் தேய்க்கக் கூடாது. வைத்து, எடுத்து, அடுத்த இடத்தில் வையுங்கள். தேய்த்தால் சதுரம் சாய்சதுரமாகும்.

ஓணத்துக்குக் கொடுக்க, செட்டுமுண்டின் மிச்சத் துணியோடு சிவப்புச் சுங்குடித் துண்டுகளைச் சேர்த்து மேசை விரிப்பு தைத்தேன். முதல் அலசலிலேயே வெள்ளை முழுக்க ரோஸ் நிறம். உப்பில் ஊறவைத்த துணிதான்!
– வாசகி, குமுளி

உப்பு சாயத்தைப் பூட்டாது. சாயத்தொட்டியில் போடும் உப்பு சாயத்தைத் துணிக்குள் தள்ள உதவுகிறது. சாயம் ஏறி முடிந்த துணியில் ஒட்டாமல் நிற்கும் மிச்சச் சாயத்தை அது எதுவும் செய்யாது, வினிகரும் அப்படித்தான். சிவப்பு, அரக்கு, கருநீலம், கறுப்பு ஆகியவற்றைத் தனித்தனியே, தண்ணீர் தெளியும்வரை அலச வேண்டும். நாலு தண்ணீரிலும் தெளியாத துணியைப் போர்வைக்கு எடுக்காதீர்கள். சந்தேகம் இருந்தால் ஈரத்துண்டை வெள்ளைத்துணிமேல் வைத்து இஸ்திரி போட்டால் உண்மை தெரிந்துவிடும்.

இப்போது உங்கள் விரிப்புக்கு: காயவிடாதீர்கள், இஸ்திரி போடாதீர்கள். பெரிய அண்டாவில் நிறைய வெதுவெதுப்பான தண்ணீர், திரவ சோப்பு கொஞ்சம் தாராளமாக. விரிப்பு மேலே மிதக்காமல் முழுக்க முங்கி 10, 12 மணி நேரம் கிடக்கட்டும். தண்ணீர் நிறம் மாறினால் கொட்டிவிட்டுத் திரும்பவும் ஊறவையுங்கள். அதிகத் தண்ணீரில் சாயம் கலைந்து நிற்கும், துணியில் திரும்ப உட்காராது. பிளீச்சிங் பக்கமே போகாதீர்கள், கசவு ஜரிகை கறுத்துவிடும்.

ஒரே நாளில் தைத்து முடிக்கிற மாதிரி சமையலறைப் பரிசு ஒன்று சொல்லுங்கள்.
– வாசகி, தேவாரம்

பிடிதுணி. வீட்டில் கரித்துணி என்று எதையோ பிடித்துச் சூடு வாங்கிக்கொள்கிறவர்களுக்கு இதைவிட உபயோகமான பரிசு கிடையாது. நாலு தைத்தால் ஒரு செட்.

ஒன்றுக்கு 3 இஞ்ச் பருத்திச் சதுரம் 9, அடித்துணி 9 இஞ்ச் சதுரம் 1, பழைய டர்க்கி டவலில் அதே அளவில் 2, ஓரத்துக்கும் கொக்கியில் மாட்டும் வளையத்துக்கும் சேர்த்து இரண்டரை இஞ்ச் அகலத்தில் 45 இஞ்ச் பட்டி. நூலைத் தவிர எல்லாமே பருத்தியாக இருக்க வேண்டும். போர்வைக்குச் சொன்ன பாலியெஸ்டர் வாடிங்கை இதற்குள் வைத்தால் சூடான சட்டியின் விளிம்பில் உருகும். டவலுக்குப் பதில் ஒரே அடுக்குப் புடவைத்துணி வைப்பதும் வீண், சூடு நேரே ஏறும்.

மூன்று மூன்றாகச் சேர்த்து, மூன்று வரிசைகளையும் இணைத்தால் 8 இஞ்ச் சதுரம் வரும். அடித்துணி, இரண்டு டவல், மேல்துணி என்று அடுக்கி, 16 நம்பர் ஊசி போட்டு, மூலைக்கு மூலை சாய்வாக ஒன்றரை இஞ்ச் இடைவெளியில் தையுங்கள். நடுக்கோடு முதலில், பிறகு இருபுறமும். மிச்சம் நீட்டிக்கொண்டிருப்பதை 8 இஞ்சுக்கு வெட்டுங்கள்.

பட்டியில் 5 இஞ்ச் வெட்டி, நாலாக மடித்துத் தைத்து வளையமாக்கி, ஒரு மூலையில் ஓரப்பட்டியின் தையலுக்குள் மாட்டும்படி வையுங்கள். மீதியை நீளவாக்கில் இரண்டாக மடித்து, வெட்டின ஓரத்தைப் பிடிதுணியின் அடிப்பக்க ஓரத்தோடு சேர்த்துக் கால் இஞ்சில் தைத்துக்கொண்டு போங்கள். தொடக்கத்தில் மூன்று இஞ்ச் தைக்காமல் விடவேண்டும். மூலைக்குக் கால் இஞ்ச் முன்னால் நிறுத்தி, நூலை வெட்டி, பட்டியை மேல்நோக்கிச் சாய்வாக மடித்து, அப்படியே நேர் கீழே மடக்கி, அடுத்த பக்கத்தை விளிம்பிலிருந்து தொடங்குங்கள். பலர் மூலைவரை தைத்துவிடுகிறார்கள், அங்கேதான் மூலை கூர்மையாகாமல் சுருங்குகிறது. பிறகு பட்டியை முன்பக்கம் புரட்டி மேல்தையல் போடுங்கள். மூலையில் துணி பல அடுக்காகச் சேரும். அங்கே காலால் மிதிக்காமல் சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள், இல்லையென்றால் ஊசி உடையும்.

கொடுக்கும்போது ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்: ஈரப் பிடிதுணியால் சூடான பாத்திரத்தைத் தொடக்கூடாது. ஈரம் சூட்டை உடனே கைக்குக் கடத்தும்.

கால் மிஷினில் மூன்று அடுக்கையும் சேர்த்துத் தைத்தால் அடித்துணி கொசுவம் கொசுவமாகச் சுருங்குகிறது.
– வாசகி, சின்னமனூர்

கீழே இருக்கும் பல் அடித்துணியை இழுக்கிறது, மேலே இருக்கும் பாதம் மேல்துணியைப் பின்னுக்குத் தள்ளுகிறது. இரண்டும் ஒரே வேகத்தில் போவதில்லை. மிஷின் தலையில் பாதத் தண்டுக்கு மேலே இருக்கும் திருகை இடப்பக்கம் இரண்டு சுற்றுத் தளர்த்துங்கள். தையலை ஓர் இஞ்சுக்கு 8 என்று நீளமாக்குங்கள்.

அதற்கும் முன்னால் சரிபார்க்க வேண்டியது அடுக்குகிற விதம். அடித்துணியைத் தரையில் தவறான பக்கம் மேலே தெரிய விரித்து, சுருக்கமில்லாமல், ஆனால் இழுக்காமல், ஓரங்களை டேப்பால் ஒட்டுங்கள். அதன்மேல் வாடிங், அதன்மேல் மேல்துணி. நடுவில் தொடங்கி வெளியே போகும்படி, உள்ளங்கை அகலத்துக்கு ஒன்றாகச் சேஃப்டி பின் குத்துங்கள். உள்ளங்கையை எங்கே வைத்தாலும் ஒரு பின் தட்டுப்பட வேண்டும். தைப்பதும் நடுவிலிருந்துதான். ஓரத்தில் தொடங்கினால் மிச்சத்துணி எல்லாம் நடுவில் மாட்டிக்கொண்டு கொசுவம் விழும். வலப்பக்கம் மிஷினுக்குள் போகவேண்டிய துணியைப் பாய்போலச் சுருட்டிக்கொள்ளுங்கள். தொங்கும் கனத்தை ஒரு நாற்காலி தாங்கட்டும்.

மிஷின் இல்லை. கையாலேயே தைக்க முடியுமா?
– வாசகி, செங்கோட்டை

முடியும், சதுரம் வெட்டிச் சேர்க்கவே வேண்டாம். வடகர்நாடகக் கவுதி, வங்காளக் காந்தா எல்லாம் கைத்தையல்தான். உத்தர கன்னடத்துச் சித்தி சமூகப் பெண்கள் தைக்கும் கவந்த் போர்வையின் முறை உங்களுக்குத் தோதாக இருக்கும். முழுச் சேலைத்துணியை அடியில் விரித்து, ஓரத்தில் தொடங்கி, துண்டுகளின் விளிம்பை உள்ளே மடித்து வைத்து நூலோட்டம் போட்டுக்கொண்டே சுற்றிச் சுற்றி நடுவுக்கு வருவார்கள். அளவும் அச்சும் பார்க்க வேண்டாம். மூலைகளில் முக்கோணமாக மடித்த துணிப் பூக்களை வைப்பார்கள், அதில்லாமல் போர்வை முடிந்ததாகக் கணக்கில்லை.

இஞ்சுக்கு 5, 6 தையல், வரிசைக்கு வரிசை அரை இஞ்ச். நூல் ஒரு முழத்துக்கு மேல் எடுத்தால் சிக்கு விழும். முடிச்சை வெளியே விடாமல், சுண்டி இழுத்து அடுக்குக்குள் புதைத்துவிடுங்கள். நடுவிரலுக்கு அங்குஸ்தான் (ஊசி குத்தாமலிருக்க விரலில் மாட்டும் உறை) கட்டாயம். முதல் முயற்சிக்குத் தொட்டில் விரிப்பு அளவு, 24க்கு 30 இஞ்ச், போதும்.

பழைய சேலையை உள்ளே வைத்துத் தைத்ததைப் பரிசாகக் கொடுக்கலாமா? மாமியார் கூடாது என்கிறார்.
– வாசகி, கூடலூர்

பிறந்த குழந்தையைப் பாட்டியின் பழைய சேலையில்தான் ஏந்துகிறோம், அதைவிடவா? இருந்தாலும் கல்யாணத்துக்குக் கொடுப்பதென்றால் பெரியவர் பேச்சுக்கு மதிப்புக் கொடுத்து, மேல்துணியையும் ஓரத்தையும் புதுத்துணியில் போட்டுவிடுங்கள்.

போன வருஷம் பரிசாக வந்த ஒட்டுப்போர்வையில் கரும்புள்ளியும் பூஞ்சை வாடையும்.
– வாசகி, பூப்பாறை

பாலிதீன் உறையில் மூடியே வைத்திருப்பீர்கள். உள்ளே மாட்டிய ஈரம் போக வழியில்லை. வெயில் அடிக்கிற நாளில் துவைத்து, இருபுறமும் புரட்டி முழுதாகக் காயவையுங்கள். வாடை போகும். புள்ளி முழுக்கப் போகாது, இழைக்குள் இறங்கிவிட்டிருக்கும். இனிமேல் பழைய வேட்டியில் சுற்றி வையுங்கள், மாதம் ஒருமுறை மடிப்பை மாற்றுங்கள். அனுப்புகிறவர்களுக்கும் சேர்த்து: போடிமெட்டு ஏறிப்போகிற பார்சல் மழையில் நனையாமலிருக்கப் பாலிதீன் சுற்றுவது சரிதான். “வந்ததும் உறையைக் கழற்றிவிடு” என்று ஒரு துண்டுச் சீட்டும் உள்ளே வையுங்கள்.